கடலுக்கு முதுகு காட்டி நின்ற ஊர்: பரங்கிப்பேட்டையில் பிறையும் நட்சத்திரமும்

குளிர்காலத்தில் நட்சத்திரங்களைப் படம் பிடிக்க எங்கே போகலாம் என்று கேட்டு மாதத்துக்கு நாலு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். ஏலகிரி போங்கள், கொடைக்கானல் போங்கள் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். கடலூர்க்காரன் கடலூரைச் சொல்லாமல் மலையைக் கை காட்டுவது கொஞ்சம் கேவலம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. எங்களுக்குக் கார்த்திகை, மார்கழி என்றால் மழை, மேகம், எப்போது வேண்டுமானாலும் ஒரு புயல். இந்த முறை மார்கழியில் மட்டும் மூன்று தடவை பையைக் கட்டி மூன்று தடவையும் அவிழ்த்தேன். மூன்றாவது தடவை அவிழ்க்கும்போது என் மனைவி, "அப்படியே வெச்சிடுங்க, எப்படியும் நாளைக்குத் திரும்பக் கட்டத்தான போறீங்க" என்றாள்.

தை பிறந்து மேகம் விலகியது, ஆனால் விடுமுறை கிடைக்கவில்லை. வேலை பார்க்கும் பைக் ஷோரூமில் பொங்கல் தள்ளுபடி. தினமும் சாயங்காலம் செம்மண்டலத்தில் வீட்டு மொட்டை மாடிக்குப் போய், தெருவிளக்கு வெளிச்சத்துக்கு மேலே திருவாதிரை நட்சத்திரம் மட்டும் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு இறங்கி வருவேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஏறுவேன். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கேமராவை அசையாமல் வைத்து இருபது விநாடி காத்திருக்க வேண்டிய இந்த வேலையை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று வீட்டில் அடிக்கடி கேட்பார்கள். இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

மாசி பிறந்த சமயத்தில் ஜாபரிடமிருந்து போன் வந்தது. (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னது அவன்தான்.) ஜாபரும் நானும் அண்ணாமலை நகரில் மூன்று வருடம் ஒரே ஹாஸ்டல் அறை. படிப்பு முடிந்ததும் அவன் சவூதிக்குப் போய் பதினோரு வருடம் வண்டி ஓட்டினான். போன வருடம், "போதும், ஊரோட இருப்போம்" என்று திரும்பி வந்து பரங்கிப்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான்.

"மச்சான், அமாவாசைக்கு மறுநாள் கேமராவ எடுத்துக்கினு வா. சாயங்காலம் பிறை. அப்புறம் உன் நட்சத்திரம். ரெண்டும் ஒரே எடத்துல."

பிறை என்றால் நோன்பு மாதத்தின் முதல் பிறை. சூரியன் மறைந்த பிறகு மேற்கே அரை மணி, முக்கால் மணி நேரம் தெரியும். கண்ணில் பட்டால் மறுநாள் நோன்பு, படாவிட்டால் அதற்கு அடுத்த நாள். ஜாபருடைய தெருவில் எல்லா வருடமும் அதை முதலில் கண்டுபிடித்து விரலை நீட்டுகிற ஆள் அவன்தான். சவூதியில் இருந்தபோதும் நோன்புக்கு முன்னால் லீவு போட்டு வந்துவிடுவான். அவன் விரல் காட்டிய பக்கம் மற்றவர்கள் பார்ப்பார்கள், பார்த்தவர்கள் பள்ளிவாசலில் போய்ச் சொல்வார்கள். ஹாஸ்டல் காலத்திலேயே அவன் கண் அப்படி. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் எங்களுக்கெல்லாம் ஆறு தெரிந்தால் அவன் ஒன்பது என்பான். பொய் என்று நான் சண்டை போடுவேன்.

போனில் நாள், நேரம் எல்லாம் பேசி முடித்தோம். பிறகு சொன்னான்.

"ஒரு விஷயம் மச்சான். எனக்கு ராத்திரில கண்ணு தெரியறதில்ல. விழித்திரைல வியாதியாம். மொதல்ல ராத்திரிப் பார்வ போவுமாம், அப்புறம் சுத்துல இருக்கறது போவுமாம். அதான் வண்டிய விட்டுட்டு வந்தேன். சஃபியாவுக்கு மட்டும்தான் தெரியும்."

சஃபியா அவன் மனைவி. இரண்டு வருடமாகப் பிறையைப் பார்த்து, எந்தப் பக்கம் என்று பெண்கள் பக்கமிருந்து போனில் அவன் காதில் சொன்னதே அவள்தானாம். இந்த வருடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உண்மையை ஊருக்குச் சொல்லுங்கள், இனிமேல் என்னால் முடியாது என்றாளாம்.

"நீ பக்கத்துல நில்லு. கேமராவுல பாத்து எந்தப் பக்கம்னு சொல்லு. நான் கையக் காட்டிக்கிறேன். இந்த ஒரு வருஷம் மச்சான்."

சரி என்றுவிட்டேன். அவனுக்காக எவ்வளவு, அவன் ஊர் வெள்ளாற்று முகத்துவாரத்தின் இருட்டுக்காக எவ்வளவு என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. போனை வைத்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை.

அந்த நாள் கத்தோலிக்கர்களான எங்களுக்குச் சாம்பல் புதன். தவக்காலத்தின் முதல் நாள், ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு. காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, அப்படியே பத்து மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறினேன். 45 ரூபாய். வழக்கமாக ஒன்றேகால் மணி நேரம். சாலை வேலையால் ஆலப்பாக்கத்துக்கு அப்பால் இருபது நிமிடம் நின்றது. காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. பக்கத்து சீட் அம்மா, "தம்பி, எறங்கணும்னா எறங்கிக்கோ, ஏன் சீட்ட ஒதைக்கிற" என்றார்.

பரங்கிப்பேட்டை போக பி.முட்லூரிலேயே இறங்கிவிடலாம். நான் சிதம்பரம் போனது லென்ஸுக்காக. நட்சத்திரத்துக்கு என்னிடம் இருக்கும் 14 மில்லிமீட்டர் போதும். பிறைக்கு நீளமான லென்ஸ் வேண்டும். மேல வீதி பக்கம் ஒரு ஸ்டூடியோவில் 150-600 லென்ஸ் ஒரு நாளைக்கு 900 ரூபாய் வாடகை, ஆதார் அட்டையைக் கொடுக்க வேண்டும்.

"கல்யாணமா சார்?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"இல்ல, நிலா."

"நேத்துதான அமாவாச? இல்லாத நிலாவ எப்படி சார் எடுப்பீங்க?"

விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. மத்தியானம் ஒரு சைவ மெஸ்ஸில் 90 ரூபாய்க்கு அன்றைய ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு, அண்ணாமலை நகரில் 700 ரூபாய் லாட்ஜில் துணிப்பையைப் போட்டேன். தேர்வு சமயத்தில் இங்கே அறை கிடைக்காது, முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். மூன்று மணிக்குப் பரங்கிப்பேட்டை டவுன் பஸ். இருபது கிலோமீட்டர்தான், ஐம்பது நிமிடம் ஆனது.

பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுபவர் பெயர் குமார். ஜாபர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து கடற்கரை மூன்று கிலோமீட்டர், ராத்திரி திரும்ப வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், எல்லாம் சேர்த்து 400 ரூபாய் என்று பேசினோம். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "சார், நெத்தில கரி ஒட்டிக்கினு இருக்கு" என்று துணியை நீட்டினார். கோயில் சாம்பல் என்று சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜாபர் கடையை மூடிவிட்டு வாசலில் நின்றான். பகல் வெளிச்சத்தில் அவனிடம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையசைத்தான். உள்ளே போனதும்தான் தெரிந்தது. கூடம் கொஞ்சம் மங்கல். சஃபியா டீயை நீட்டியபோது அவன் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அவள் பேச்சை நிறுத்தாமலே டம்ளரை அவன் கைக்குள் வைத்தாள்.

"சாப்புடுங்கண்ணே, பிரியாணி இருக்கு."

"ஒருசந்திம்மா. இன்னிக்கு முடியாது."

"எங்களுக்கு நாளைலேருந்துதான் இருக்கும். உங்களுக்கு இன்னிக்கேவா?" என்று சிரித்தாள். ஜாபர் செருப்பை மாட்ட வெளியே போனதும் சிரிப்பு நின்றது. "நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்ணே. கேமராவ எடுக்க வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா அவரு நாளைக்கு ராத்திரி தொழுகைக்குத் தனியாப் போயி எங்கயாவது வாய்க்கால்ல விழுந்தா யாருக்கும் காரணமே தெரியாது." லென்ஸ் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்குக் கடற்கரை. இங்கேதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. அமாவாசைக்கு அடுத்த நாள், இருட்டு, ஆளரவமில்லாத முகத்துவாரம் என்றுதான் நட்சத்திரப் பைத்தியங்கள் கணக்குப் போடும். ஊரே பிறை தேடி வரும் சாயங்காலமும் அதுதான் என்று தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. நானூறு பேராவது இருப்பார்கள். பைக்குகள், சுண்டல் வண்டி. அதைவிட வேடிக்கை, அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது, பிறை மேற்கே. அலை பின்னால் வந்து செருப்பை நனைத்தாலும் யாரும் திரும்பவில்லை. எல்லாக் கண்ணும் வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரைப் பனைமரங்களுக்கு மேலே.

ஜாபர் நடுவில் நின்றான். போகிறவர் வருகிறவர் எல்லாம், "நானா, எங்க இருக்கும்?" என்று கேட்டார்கள். நானா என்றால் அங்கே அண்ணன். இவன் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னான். நான் கேட்கும்வரை என் முக்காலியைக் கையிலிருந்து விடவில்லை. பெண்கள் கூட்டம் படகுகள் பக்கம் தனியாக. சஃபியா அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆறேகால் போல சூரியன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. அடிவானத்தில் பழுப்பாக ஒரு புழுதிப் படலம். மங்க மங்க ஒவ்வொருவராகப் போன் டார்ச்சைப் போட ஆரம்பித்தார்கள். "லைட்ட அணைங்க! தயவுசெஞ்சு லைட்ட அணைங்க!" என்று கத்தினேன். கூட்டத்துக்குள் ஆட்டோவைத் திருப்பிய குமார் முன்விளக்கைப் போட்டதும் ஓடிப்போய் அவரையும் திட்டினேன். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கடற்கரையில் அன்றைக்கு வேண்டாத ஆள் நான்தான்.

போனில் பிறை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து 600 மில்லிமீட்டரில் தேடினேன். மணலில் முக்காலி நிற்கவில்லை. நானும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்ததில் திரையில் படம் குதித்தது. பக்கத்தில் ஜாபர் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். திடீரென்று திரையின் மூலையில், வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி ஒரு கீற்று. மல்லாந்து படுத்த வாக்கில். இத்தனை வருடம் படம் எடுக்கிறேன், இவ்வளவு மெல்லிய நிலாவைப் பார்த்ததில்லை.

"கெடச்சிடுச்சு" என்றேன் அவன் காதில்.

"எங்க?"

"எதிர்க்கரைல ரெட்டப் பனை இருக்குல்ல, அதுக்கு மேல."

"பனையே தெரியல மச்சான்."

அப்போதுதான் உண்மையாக எனக்குப் புரிந்தது. போனில் கேட்டது வேறு. நானூறு பேருக்கும் தெரிகிற பனை அவனுக்குத் தெரியவில்லை. நான் ஒன்றும் யோசிக்காமல் அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, கொஞ்சம் தூக்கி, சரியான இடத்தில் நிறுத்தினேன். அவன் விரலை நீட்டினான்.

"நானா காட்டிட்டாரு!"

கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. பார்த்தார்கள், கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கேமரா பிரித்துக் காட்டியதைப் புழுதி கண்ணுக்குக் காட்டவில்லை. சில நிமிடம் போனது. பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த பெரியவர் எங்களிடம் வந்தார். அவர் கையில் இருந்த போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஜாபரு, வேற யாருக்கும் தெரியலப்பா. நீ பாத்தீல்ல? நீயே வந்து சொல்லிடு. ஊரு காத்துக்கினு இருக்கு."

நான் முந்திரிக்கொட்டை மாதிரி கேமராவை அவர் முன்னால் நீட்டினேன். "அய்யா, இதோ பாருங்க, படமே இருக்கு."

குனிந்து நிதானமாகப் பார்த்தார். "ஜோரா இருக்கு தம்பி. ஆனா எங்களுக்குக் கண்ணால பாத்த ஆளு வேணும்" என்றார். மறுபடி ஜாபரைப் பார்த்தார்.

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. வானத்தில் பிறை இருப்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். சொல்லிவிட்டால் ஊர் நோன்பு பிடிக்கும், அவன் பெயரும் நிற்கும். சொல்லிவிடு என்றுதான் நான் நினைத்தேன். அதை உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. ஜாபர் நீட்டிய விரலை மடக்கினான். கையை இறக்கினான்.

"நான் பாக்கலங்க" என்றான், கொஞ்சம் சத்தமாகவே. "இவன் என் கையப் புடிச்சுத் திருப்பிவிட்டான். எனக்குப் பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. இங்கேருந்து வூட்டுக்குப் போறதுக்கே எனக்கு ஆளு வேணும்."

பெரியவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். ஜாபரின் தோளில் கை வைத்து, "சரிப்பா" என்றார். அவ்வளவுதான்.

படகுப் பக்கமிருந்து சஃபியாவின் குரல் வந்தது. "ரெட்டப் பனைக்கு மேல, கொஞ்சம் வலது கைப் பக்கம். இப்பப் பாருங்க."

புழுதிக்கு மேலே வெளிர்நீலமாக ஒரு இடைவெளி இருந்தது. முதலில் ஒரு பெண், பிறகு சுண்டல் வண்டிப் பக்கம் நின்ற இரண்டு பேர், பிறகு பெரியவரே. "ஆமா! ஆமா!" என்று கூட்டம் கிளம்பியது. பார்த்தவர்கள் பைக்கில் பள்ளிவாசலுக்குப் பறந்தார்கள். ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். சாம்பல் நெற்றியோடு நின்ற என்னையும் யாரோ தழுவிவிட்டுப் போனார்.

சஃபியா எங்களிடம் வந்தபோது கேட்டேன். "எப்பம்மா பாத்தே?"

"நீங்க அவரு கையத் திருப்புனீங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சுண்ணே. மொதல்ல அவரு வாயால வரட்டும்னு இருந்தேன்."

"அவன் சொல்லாம இருந்திருந்தா?"

"பிறைய மறைக்க முடியுமா? சொல்லிருப்பேன். ஆனா அவருகிட்டப் பேசிருக்க மாட்டேன்." ஜாபரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, சஹருக்குச் சமைக்க வேண்டும் என்று பெண்களோடு கிளம்பினாள். விடியுமுன் சாப்பிடும் சாப்பாடு அது.

ஏழு மணிக்குக் கடற்கரையில் ஆள் இல்லை. நான் கேட்ட இருட்டு கிடைத்துவிட்டது. கேமராவைத் தொடத்தான் மனம் வரவில்லை. ஜாபர் கவிழ்த்துப் போட்டிருந்த படகில் உட்கார்ந்து, "இன்னா மச்சான் நிக்கிற? தொழுகைக்கு நேரம் இருக்கு. வேலயப் பாரு" என்றான்.

இனி படம் எடுக்க வருபவர்களுக்கு. மாசி ஆரம்பத்தில் ஏழரைக்கு வானம் முழுசாக இருட்டிவிடும். ஏழே முக்காலுக்கு ஓரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. நம் கணக்கில் மிருகசீரிடமும் திருவாதிரையும். மேற்கே சரிந்து கார்த்திகை. எட்டரைக்குத் தெற்கே ஆற்றுக்கு மேலே அகத்திய நட்சத்திரம், வடக்கே டெல்லிக்குப் போனால் அது இவ்வளவு உயரத்தில் தெரியாது. வடக்குப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் வானம் ஆரஞ்சாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். 14 மில்லிமீட்டர், f/2.8, ISO 3200, இருபது விநாடி. பனியை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். கால் மணிக்கு ஒரு தடவை லென்ஸில் ஆவி பிடித்துவிடும். பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டையை லென்ஸில் சுற்றி அதற்கு மேல் ஒரு பழைய சாக்ஸை மாட்டியிருந்தேன். அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். நான் நடந்துகொண்டே இருந்ததால் முதல் நாலு படத்தில் நட்சத்திரமெல்லாம் ரெட்டை ரெட்டையாக விழுந்தது.

"ஒரு எடத்துல நில்லேன்டா" என்றான் ஜாபர். "உன் செருப்புச் சத்தமே எனக்குத் தலைய சுத்துது."

அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கார்த்திகையைத் தனியாக எடுத்து, திரையின் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி அவன் கையில் கொடுத்தேன். இருட்டுக்குப் பழகிய என் கண் அதில் கெட்டுப்போனது, போகட்டும். அவன் கேமராவை முகத்துக்குக் கிட்டே வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினான். ஒரு தடவைக்கு ஒரு துண்டுதான் அவனுக்குத் தெரிகிறது.

"இதான் கார்த்திகையா?"

"அதான். எண்ணு. ஹாஸ்டல்ல ஒம்போதுன்னு சண்ட போட்டியே."

எண்ண ஆரம்பித்தான். ஒன்பதில் நிற்கவில்லை. முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டான். "அடேங்கப்பா. அப்ப நான் பாத்தது கொஞ்சம்தான் போலருக்கு" என்றான்.

சிரித்தான். கேமராவைத் திருப்பித் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "பயமா இருக்கு மச்சான்" என்றான்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவன் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் அசையாமல் இருந்த நேரம் அது மட்டும்தான்.

எட்டு மணிக்குக் கேமராவை முக்காலியில் மாட்டி, நட்சத்திரக் கோடுகளுக்காகத் தொடர்ச்சியாகப் படம் ஓட விட்டேன். ஒரு மணி நேரம் எந்த வெளிச்சமும் படக்கூடாத வேலை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். மணல் பாதையில் ஒரு முன்விளக்கு திரும்பியது. பின்னாலேயே இன்னும் இரண்டு. நேராக எங்கள் மேல். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. எழுந்து, "லைட்ட..." என்று வாயைத் திறந்தேன்.

குமாரின் ஆட்டோ. பின்னால் ஸ்கூட்டரில் பள்ளிவாசல் பெரியவர், இன்னொரு பைக்கில் ஜாபரின் பக்கத்துக் கடைக்காரர்.

"தொழுகைக்கு நேரமாச்சு ஜாபரு" என்றார் பெரியவர் வண்டியிலிருந்தே. "ஆளு வேணும்னு சொன்னியே. வந்துட்டோம்."

குமார் என்னைப் பார்த்துத் தயங்கினார். "சார், லைட்ட அணைக்கணுமா?"

"வேணாம்" என்றேன். "நல்லா தூக்கிப் போடுங்க."

மூன்று விளக்கும் சேர்ந்து மணலில் ஒரு வெள்ளைப் பாதை போட்டன. ஜாபர் படகிலிருந்து இறங்கி, கையைக் காற்றில் துழாவாமல், அந்த வெளிச்சத்தில் தானாக நடந்து போனான். ஆட்டோவில் ஏறுமுன் திரும்பி, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியாமல் பொதுவாகக் கையசைத்தான். நானும் அசைத்தேன். அவனுக்குத் தெரிந்திருக்காது.

பதிவின் மேலே இருக்கும் படம் அதுதான். மேலே கோடு கோடாக நட்சத்திரங்கள். கீழே பாதிப் படத்தை வெளிச்சம் தின்றிருக்கிறது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது, செய்யவில்லை. ஒன்பதரைக்குக் குமார் திரும்பி வந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். காத்திருந்ததற்குச் சேர்த்துக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. கடைசி பஸ் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போனால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். தை, மாசிதான் இங்கே சரியான காலம், மார்கழியை நம்ப வேண்டாம். அமாவாசையோடு ஊர் நாட்காட்டியையும் பாருங்கள். உங்களுக்கு முன்னால் நானூறு பேர் வானம் பார்க்க வந்திருக்கலாம். குல்லாவும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், பனி தலையில் இறங்கும். முக்காலியின் காலுக்கு அடியில் மூன்று பழைய பிளாஸ்டிக் மூடிகளைப் போட்டால் மணலில் புதையாது.

டார்ச் பற்றி. இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்கச் சிவப்பு வெளிச்சம் மட்டும் எடுத்துப் போங்கள், வெள்ளை டார்ச்சைத் தொடவே தொடாதீர்கள் என்று இதே வலைப்பதிவில் பல தடவை எழுதியிருக்கிறேன். அந்த வரியை எல்லாப் பதிவிலும் மாற்றிவிட்டேன். சிவப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே நல்ல வெள்ளை டார்ச் ஒன்றும், முழு சார்ஜோடு. பக்கத்தில் நிற்பவருக்குத் தேவைப்படலாம். அவர் கேட்க மாட்டார்.